மண் மூடிய செல்வத்தைத் தேடியவர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

என் சாச்சா இரத்தினக்கல் வியாபாரம் செய்பவர். சிறுவயதில் அவருடைய மேசையில் கற்களைக் காணும்போதெல்லாம், மண்ணுக்கு அடியில் இவை இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பேன். எல்லாம் நஸீபு என்று சொல்லிச் சிரிப்பார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்ந்த பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்க விரும்புகிறேன் என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். மலையிலும் ஆற்றிலும் அலைகின்ற படிப்பு ஒரு பெண்பிள்ளைக்கு எதற்கு என்று வாப்பா கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடி வாசித்தபோதுதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கையைக் கண்டுகொண்டேன்.

அவரை நாங்கள் கலை அறிஞராகவே அறிவோம். ஆனால் அவர் முதலில் கல்லைத் தேடியவர்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டசபையில் அங்கம் வகித்த புகழ்பெற்ற தமிழர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தையோடு தாய் இங்கிலாந்து சென்றார். பின்னர் அங்கு வந்து சேரவேண்டிய தந்தை 1879 இல் காலமானார். ஆகவே தந்தையின் முகத்தையோ தந்தையின் நாட்டையோ நினைவில் கொள்ளாமலே அந்தப் பிள்ளை வளர்ந்தது.

வைக்கிளிஃப் கல்லூரியில் படிக்கும்போதே அவருக்குக் கற்களின்மீது ஆசை பிறந்தது. பாடசாலைக்கு அருகிலிருந்த ஒரு குன்றின் பாறைகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1900 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். 1902 இல் எதல் பார்ட்ரிட்ஜ் என்ற பெண்மணியைத் திருமணம் செய்தார். 1903 இல், தமது 25 ஆவது வயதில், இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். தந்தையின் நாட்டை அவர் அதன் பாறைகளின் வழியாகவே அறியத் தொடங்கினார் எனலாம்.

அந்தப் பணி எவ்வளவு கடினமானது என்பதைக் கண்டியில் வாழும் எமக்கு விளக்கத் தேவையில்லை. வீடு கட்ட மலைச்சரிவை வெட்டினால் முதலில் தெரிவது கறுத்த மேல்மண். அதன்கீழ் செம்மண். இன்னும் வெட்டினால், பார்வைக்குக் கல்லைப் போலிருந்து விரலால் நசுக்கினால் மாவாகும் உக்கிய பாறை வரும். உண்மையான பாறை அதற்கும் கீழே. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் பாறையை அரித்து அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டன. கீழே காரீயம் உண்டா, இரத்தினம் உண்டா என்பதை அந்தப் போர்வை மறைத்துவிடுகிறது. இன்றுபோல நிலத்தின் காந்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் நுண்கருவிகள் அன்று அவர் கையில் இருக்கவில்லை.

ஆனால் மறைத்த மழையே துப்பும் தருகிறது. பாறை உக்கும்போது மென்மையான கனியங்கள் களியாகிப் போகின்றன. உக்காத கடினமான கனியங்கள் தப்பி, வெள்ளத்தோடு உருண்டு ஓடைக்கு வருகின்றன. நீர் வேகம் குறையும் இடத்தில் பாரமானவை முதலில் அடியில் படிகின்றன. அதற்குமேல் களியும் சேறும் மூடிக்கொள்கின்றன. இந்தப் பரல்படையை இரத்தினக்கல் தோண்டுவோர் ‘இல்லம்’ என்பார்கள். அது சிங்களச் சொல். எங்களுக்கு இல்லம் என்றால் வீடு. கற்கள் வந்து தங்கிய வீடு என்று நான் அதை நினைத்துக்கொள்வேன். இல்லத்தைக் கூடையில் அள்ளி நீரில் சுழற்றினால் மணல் வழிந்துபோக, பாரமான பொருள் அடியில் நிற்கும். அது என்ன கனியம் என்று அறிந்து, ஓடையின் மேற்பக்கமாகத் தேடிச் சென்றால் அது பிறந்த பாறையை நெருங்கலாம்.

சபரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியில் ஆற்றுப் பரல்களோடு கிடைத்த, கறுப்பு நிறமான, மிகப் பாரமான சிறிய கனசதுரக் கற்களை 1904 இல் குமாரசுவாமி கவனித்தார். யுரேனியம் கலந்த, முன்பே அறியப்பட்ட கனியம் என்றே அது முதலில் கருதப்பட்டது. இலண்டனில் பேராசிரியர் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது அதில் பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத அந்தக் கனியத்துக்குத் தோரியனைட் என்று பெயரிடப்பட்டது. பெற்றோமக்ஸ் போன்ற விளக்குகளின் மென்டல் செய்யத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. அதைவிடப் பெரிய பயனும் விளைந்தது. இலங்கையிலிருந்து சென்ற தோரியனைட்டை ஆராய்ந்தபோதே இளம் விஞ்ஞானி ஒட்டோ ஹான் 1905 இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவரே.

எனக்கு இன்னும் நெருக்கமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கண்டிக்கு அருகே அம்பகோட்டையில் கிடைத்த நீலநிறக் கனியமொன்றை, பிரயர் என்ற அறிஞரோடு சேர்ந்து 1903 இல் குமாரசுவாமி உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் செரண்டிபைட். எமது நாட்டுக்கு அரபு வணிகர்கள் வைத்த ‘ஸரன்தீப்’ என்ற பெயரிலிருந்து அது வந்தது. அந்த வணிகர்களின் பெயர் ஒரு கல்லில் நிலைத்திருப்பதை வாசித்தபோது, என் மூதாதையர் ஒருவரின் கையெழுத்தைக் கண்டதுபோல மகிழ்ந்தேன். அம்பகோட்டை வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருநாளும் யன்னலால் எட்டிப் பார்த்ததில்லை.

கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக நடந்த குமாரசுவாமியின் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டி இராச்சியக் காலத்திலிருந்து வந்த கைவினைகள் அழிந்துகொண்டிருந்தன. பித்தளை வேலை செய்வோரும், சித்திரக்காரரும், பாய் நெய்வோரும் வேலையில்லாமல் வாடினர். பழைய கட்டடங்களும் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி, இவற்றைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டார். தாய்மொழிக் கல்விக்காகவும் குரல் கொடுத்தார். தமது ஆய்வுகளுக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அத்தோடு அரச பணியை விட்டு விலகினார். கண்டிக் கைவினைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது. மண் மூடிய கனியத்தைத் தேடிய அதே கண்தான், அலட்சியம் மூடிய கலையையும் கண்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நூலுக்காகக் கிராமங்களில் புகைப்படங்கள் எடுத்தவர் அவருடைய மனைவி எதல். ஒரு நூற்றாண்டுக்கு முன், பாரமான கமராவோடு அவரும் இந்த மலைப்பாதைகளில் நடந்தார். பின்னாளில் எதல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் சிறந்த கைநெசவாளராகப் புகழ்பெற்றார். குமாரசுவாமியைப் பற்றிப் பேசும்போது இவரை மறப்பது நியாயமில்லை.

1917 இல் குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் சேர்ந்தார். இந்திய, பாரசீக, இஸ்லாமியக் கலைகளை அங்கே ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1947 செப்டெம்பர் 9 இல், தமது 70 ஆவது வயதில் காலமானார். இலங்கையில் அவர் பணிப்பாளராக இருந்தது சில வருடங்கள் மட்டுமே. அவர் தொடங்கிவைத்த பணியோ புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது.

இதையெல்லாம் ஓர் இரவு வாப்பாவுக்குச் சொன்னேன். தோரியனைட்டைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எதல் கமராவோடு நடந்ததைச் சொன்னபோது உம்மா கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். சரி என்றும் வாப்பா சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில், அம்பகோட்டையில் தாமாகவே வாகனத்தை நிறுத்தினார். அந்தக் கல் எங்கே கிடைத்தது என்று கேட்டார். இடம் எனக்குத் தெரியாது என்றேன். அப்படியென்றால் படித்துவிட்டு வந்து காட்டு என்றார்.

அல்ஹம்துலில்லாஹ்! இப்போது நான் இரசாயனவியல் பாடத்தை முன்பைவிடக் கவனமாகப் படிக்கிறேன்.