பட்டாளத்தை வீட்டுக்கு அனுப்பிய தளபதி

படை திரட்டிப் போரில் ஜெயித்த தளபதிகள் பலர் உண்டு. ஜெயித்த கையோடு அந்தப் படையைக் கலைத்துவிட்டு, பதவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலரில் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி.

வாஷிங்டன் 1732-ம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். வாலிப வயதில் நிலம் அளக்கும் வேலை பார்த்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து பெயர் வாங்கினார். மவுண்ட் வெர்னன் என்ற இடத்தில் அவருக்குப் பெரிய பண்ணை இருந்தது. அந்தக் கால வழக்கப்படி அடிமைகளே அதில் உழைத்தார்கள்.

அப்போது 13 அமெரிக்க ராஜ்யங்கள் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தன. வரித் தகராறு முற்றியது. 1775-ல் போர் மூண்டது. 13 ராஜ்யங்களின் பிரதிநிதிகள் கூடிய சபைக்கு காங்கிரஸ் என்று பெயர். அந்த சபை வாஷிங்டனைப் பிரதம தளபதி ஆக்கியது. அப்போது அவருக்கு வயது 43.

அவர் சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். செலவுக் கணக்கை மட்டும் எழுதி வந்தார்.

1781 அக்டோபரில் யார்க்டவுன் என்ற ஊரில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் சரண் அடைந்தார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானோடு போரிட்ட அதே காரன்வாலிஸ்தான்!

சம்பளம் இல்லாத சிப்பாய்கள்

சண்டை ஓய்ந்தது. ஆனால் சமாதான ஒப்பந்தம் ஆகவில்லை. நியூயார்க் நகரில் பிரிட்டிஷ் படை இன்னும் இருந்தது. அதனால் அமெரிக்கப் படையைக் கலைக்க முடியவில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில், நியூபர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் குடிசை போட்டுத் தங்கினார்கள்.

சண்டையும் இல்லை, சம்பளமும் இல்லை. மாதக்கணக்கில் பாக்கி. காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. ராஜ்யங்களிடம் கேட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். கேட்ட பணம் வரவில்லை.

1782-ல் ஒரு ராணுவ அதிகாரி, வாஷிங்டனே ராஜாவாகிவிடலாம் என்ற யோசனையைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். வாஷிங்டனுக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சையே விட்டுவிடும்படி அன்றே பதில் எழுதினார்.

1783 மார்ச்சில் நிலைமை முற்றியது. முகாமில் ஒரு மொட்டைக் கடிதம் உலவியது. பாக்கி கைக்கு வரும்வரை ஆயுதத்தைக் கீழே வைக்கக் கூடாது என்று அது அதிகாரிகளைத் தூண்டியது. பட்டாளம் சர்க்காரை மிரட்டத் துணிந்துவிட்டால், பெற்ற சுதந்திரம் என்ன ஆவது?

மூக்குக் கண்ணாடி

மார்ச் 15-ந்தேதி அதிகாரிகள் கூடினார்கள். யாரும் எதிர்பாராமல் வாஷிங்டன் உள்ளே நுழைந்தார். பொறுமையாக இருக்கும்படி கேட்டு நெடுநேரம் பேசினார். கூட்டத்தின் முகம் மாறவில்லை.

பிறகு காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினார். எழுத்து சரியாகத் தெரியவில்லை. தடுமாறினார். சட்டைப் பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி போட்டு அதிகாரிகளில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. நாட்டுக்கு உழைத்ததில் தலை நரைத்தது, இப்போது கண்ணும் மங்குகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

போர்க்களத்தில் கலங்காத அதிகாரிகள் அங்கே கண் கலங்கினார்கள். அவர் வெளியே சென்றதும், காங்கிரசுக்குக் கட்டுப்படுவதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அதிகாரிகளுக்கு 5 ஆண்டுச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது.

சாதாரண சிப்பாயின் கதி வேறு. 1783 ஜூனில், விடுமுறை என்ற பெயரில் அவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். 3 மாதச் சம்பளத்துக்குக் கடன் சீட்டு. தோளில் சுமந்த துப்பாக்கியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்! சீட்டு வந்து சேரும் முன்பே பலர் நடந்து போய்விட்டார்கள். பசித்தவர்கள் அந்தச் சீட்டை வந்த விலைக்கு விற்றார்கள்.

அதே மாதம் பிலடெல்பியாவில் சில நூறு சிப்பாய்கள் சபைக் கட்டிடத்தையே சுற்றி வளைத்தார்கள். காங்கிரஸ் ஊரை விட்டு பிரின்ஸ்டனுக்குப் போயிற்று.

எத்தனை பேர் போதும்?

சமாதான காலத்துக்கு எவ்வளவு பெரிய படை வேண்டும்? வாஷிங்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். பெரிய படை நாட்டுக்கே ஆபத்து. ஆனால் எல்லைக் கோட்டைகளைக் காக்க 2,631 பேர் வேண்டும். மற்றபடி ஊர் மக்களே பயிற்சி பெற்று, தேவைப்படும்போது ஆயுதம் ஏந்த வேண்டும். இதுதான் அந்தத் திட்டம்.

காங்கிரசிடம் பணம் இல்லை. நிலையான படை என்றாலே மக்களுக்கும் பயம். 1784 ஜூன் 2-ந்தேதி, கிடங்குகளைக் காக்க 80 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் காங்கிரஸ் அனுப்பிவிட்டது. மறுநாளே எல்லைக் காவலுக்கு 700 பேர் வேண்டும் என்று 4 ராஜ்யங்களிடம் கேட்க நேர்ந்தது!

விடை பெற்றார்

இதற்கு முன்பே வாஷிங்டன் விடைபெற்றிருந்தார். 1783 செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 25-ந்தேதி பிரிட்டிஷ் படை நியூயார்க்கை விட்டுச் சென்றது. டிசம்பர் 4-ந்தேதி அங்கே ஒரு விடுதியில் தம் அதிகாரிகளை ஒவ்வொருவராகத் தழுவிக்கொண்டார். பேச முடியாமல் கண்ணீர் வந்தது. படகு ஏறினார்.

வழியில் பிலடெல்பியாவில், 8 ஆண்டுச் செலவுக் கணக்கை ஒப்படைத்தார்.

டிசம்பர் 23-ந்தேதி அன்னபோலிஸ் நகரில் காங்கிரஸ் கூடியது. உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். தளபதி எழுந்து தலை வணங்கினார். பிறகே அவர்கள் தொப்பியை எடுத்தார்கள். சபைதான் பெரிது, படை அதற்குக் கீழே என்பதற்கு அது அடையாளம். நடுங்கும் கையோடு உரையைப் படித்தார். பிரதம தளபதிக்கான நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள், கிறிஸ்துமசுக்கு முந்திய நாள், வீடு சேர்ந்தார்.

1789-ல் நாடு அவரை ஜனாதிபதியாக அழைத்தது. இரண்டு தடவை பதவி வகித்து, 1797-ல் அதையும் விட்டு வீடு திரும்பினார். 1799-ல் காலமானார்.

அவரோடு போரிட்ட ஏழைச் சிப்பாய்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது 1818-ல். படை கலைந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. பலர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். வெறுங்கையோடு வீடு நடந்த அந்தச் சிப்பாய்களுக்கும் அமெரிக்க மக்களாட்சி கடன்பட்டிருக்கிறது.