நீரை நேசித்த கவிஞர் ஷெல்லி

பாரதியை அறிந்தோர் ஷெல்லியின் பெயரையும் அறிவர். ‘ஷெல்லிதாசன்’ எனத் தமக்குப் புனைபெயர் சூட்டிக் கொள்ளுமளவுக்கு நம் மகாகவியின் உள்ளத்தைக் கவர்ந்தவர் அந்த ஆங்கிலக் கவிஞர். அவர்தம் கவித்திறத்தை நாம் பலமுறை பேசியுள்ளோம். அவர் வாழ்வை இறுதிவரை ஆட்கொண்டிருந்த மற்றொரு காதலை, நீரின் மீதும் படகின் மீதும் அவர் கொண்டிருந்த தீராக் காதலை, இங்குக் காண்போம்.

ஷெல்லி 1792ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தேம்ஸ் ஆற்றை அடுத்துள்ள ஈட்டன் பள்ளியில் பயின்றார். நாத்திகக் கருத்துடைய சிறுநூல் தொடர்பாக 1811இல் ஆக்ஸ்போர்டிலிருந்து நீக்கப்பட்டார். குளத்தையோ ஓடையையோ கண்டால், கைக்குக் கிட்டிய தாளை மடித்துக் கப்பலாக்கி மிதக்கவிடுவது அவர் வழக்கம். வளர்ந்த பின்னரும் அப்பழக்கம் அவரை விட்டகலவில்லை என்பதை அவர்தம் நண்பர்கள் பதிவு செய்துள்ளனர்.

1815இல் துணைவி மேரியுடனும் நண்பர்களுடனும் தேம்ஸ் ஆற்றில் எதிர்நீரோட்டமாகப் படகு செலுத்தி லெச்லேடு வரை சென்றார். அதற்கப்பால் ஆற்றில் ஆழம் இல்லாமையால் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டே அவர் எழுதிய ‘அலாஸ்டர்’ என்னும் கவிதையின் நாயகன் சிறு படகொன்றில் தனித்துச் செல்வது தற்செயலன்று. 1817இல் மார்லோவில் வாழ்ந்தபோது, நெடுங்கவிதையொன்றைப் படகில் மிதந்தவாறும் சோலைகளில் உலாவியவாறும் இயற்றினார்.

இத்துணைக் காதல் கொண்டவர்க்கு நீந்தத் தெரியாது என்பதே வியப்பு! 1816ஆம் ஆண்டு சூன் திங்களில் பைரனுடன் ஜெனீவா ஏரியில் செல்கையில் புயல் தாக்கியது. பைரனோ நீச்சலில் வல்லவர். தம் உயிர் போவதைக் காட்டிலும், தம்மைக் காக்க முயன்று நண்பர் தம்முயிரை இழப்பாரோ என்ற எண்ணமே ஷெல்லியை வாட்டியது. நல்வாய்ப்பாக இருவரும் கரை சேர்ந்தனர். 1821 ஏப்ரலில் இத்தாலியில், லிவோர்னோவுக்கும் பீசாவுக்கும் இடையிலுள்ள கால்வாயில் படகு கவிழ்ந்தது. நண்பர் ஒருவர் அவரைக் கரைசேர்த்தார். இருமுறை எச்சரிக்கை கிட்டியும் அவர் நீச்சல் கற்றாரில்லை. விபத்து அவர்தம் படகார்வத்தை வளர்க்கவே செய்தது.

1822 மே திங்களில், ஜெனோவாவில் அவருக்கெனக் கட்டப்பட்ட பாய்மரப் படகு லெரிசி வளைகுடாவுக்கு வந்து சேர்ந்தது. ‘ஏரியல்’ எனப் பெயரிட ஷெல்லி விரும்பினார். ஆயினும் பைரனின் காவியப் பெயரான ‘டான் ஜுவான்’ என்பதே பாயில் தீட்டப்பட்டிருந்தது. மேலும் விரைந்து செல்லவேண்டும் என்னும் விழைவால் பாய்களையும் கூட்டினர்.

சூலை 8ஆம் நாள், நண்பர் லீ ஹண்டைக் கண்டுவிட்டு லிவோர்னோவிலிருந்து ஷெல்லி இல்லம் திரும்பப் புறப்பட்டார். வானிலை தெளியும்வரை காத்திருக்குமாறு படகைக் கட்டுவித்த ராபர்ட்ஸ் கூறியும் கேட்கவில்லை. உடன் சென்றோர் எட்வர்டு வில்லியம்சும், சார்லஸ் விவியன் என்னும் இளம் படகுப் பணியாளும் ஆவர். திடீரெனச் சூறை வீசியது. மூவரும் மீளவில்லை. பத்து நாள் கழித்து வியரெஜ்ஜோ அருகே ஷெல்லியின் உடல் ஒதுங்கியது. ஆகஸ்டு 16இல் அக்கடற்கரையிலேயே எரியூட்டப்பட்டது. சாம்பல் உரோமை நகரில் அடக்கம் செய்யப்பட்டது. முப்பது வயது நிறைவதற்கு ஒரு திங்களுக்கும் குறைவான நாள்களே இருந்தன.

மேரிக்கு அப்போது வயது இருபத்து நான்கு. சிறுமகனை வளர்த்துக்கொண்டே கணவரின் கையெழுத்துப் படிகளைத் தொகுத்து 1824இலும் 1839இலும் பதிப்பித்தார். முற்றுப்பெறாத கவிதையும் அவற்றுள் ஒன்று. இன்று நாம் ஷெல்லியைப் படிப்பதற்கு அப்பெண்மணியின் உழைப்பே பெருங்காரணம்.

கவிஞரின் முடிவை எண்ணி இரங்கும் நாம், பதினெட்டு வயதே ஆன விவியனை மறப்பது முறையன்று. தம் உயிரைத் துச்சமென மதிக்க ஒருவர்க்கு உரிமையுண்டு எனக் கொண்டாலும், உடன் வருவோர் உயிர்க்கும் அவரே பொறுப்பாவார். ஏரியில் பைரனுக்காக வருந்திய அந்நெஞ்சம், கடலில் அவ்விளைஞனுக்காகவும் சற்றே தயங்கியிருக்கலாகாதா என நாம் ஏங்குகிறோம். ஆர்வம் பாயைப் போன்றது. அறிவு சுக்கானைப் போன்றது. ஆற்றிலும் கடலிலும் ஆடி மகிழும் நம் மாணவச் செல்வங்கள், நீரை நேசிக்குமுன் நீந்தக் கற்பாராக!