எறிந்த கல்லும் இப்னு சீனாவும்

ஹிஜ்ரி 370-இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் பிறந்த பேரறிஞர் இப்னு சீனா, பத்து வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தவர். சிக்கலொன்று விடுபடாதபோது பள்ளிவாசல் சென்று தொழுது, அல்லாஹ்விடம் தெளிவை வேண்டுவது அவர் வழக்கம்.

ஹமதானில் அமைச்சராயிருந்த அவர், மன்னர் மறைந்தபின் மருந்து வணிகர் ஒருவர் இல்லத்தில் ஒளிந்து வாழ நேர்ந்தது. நாளொன்றுக்கு ஐம்பது ஏடுகளாக, 'அஷ்ஷிஃபா'வின் இயற்பியல் பகுதியில் பெரும்பாலானவற்றை அங்கேதான் எழுதினார்.

கையை விட்டகன்ற கல் ஏன் தொடர்ந்து செல்கிறது? காற்றே அதனைத் தள்ளுகிறது என்றார் கிரேக்க மேதை அரிஸ்டாட்டில். இப்னு சீனா அதை ஏற்கவில்லை. எறிபவர் கல்லினுள் 'மய்ல்' எனும் நாட்டத்தை ஊட்டுகிறார். காற்று முதலிய தடைகளே அதைத் தேய்க்கின்றன. தடையற்ற வெற்றிடம் ஒன்று இருக்குமாயின் கல் நில்லாது சென்றுகொண்டேயிருக்கும் என விளக்கினார். அத்தகைய வெற்றிடம் இல்லையென்றே அவர் கருதினார். எனினும், 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் இயக்க விதியை நோக்கிய பாதையில் இது ஒரு பெரும் படியாகும்.

பின்னர் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறையிருந்தபோதும் அவரது எழுதுகோல் ஓயவில்லை. ஹிஜ்ரி 428-இல் (1037) ரமளான் மாதத்தில் ஹமதானில் மறைந்தார். இறுதி நாட்களில் அடிமைகளை விடுவித்து, ஏழைகளுக்குப் பொருளை ஈந்து, மூன்று நாட்களுக்கொரு முறை திருமறையை ஓதி முடித்து வந்தார் என வரலாறு கூறுகிறது.

முன்னோரை மதிப்பதும் அவர்தம் கூற்றை ஆராய்வதும் முரணல்ல என்பதே அவர் வாழ்வு தரும் படிப்பினை.