ஆஸ்ட்ரோ தட்டுக்கு 50 ஆண்டு முன்பே கணக்குப் போட்டவர்: ஆர்தர் சி. கிளார்க்

சிலிபினில் மாலை மழை கொஞ்சம் கனத்தால் போதும், பாதி நாடகத்தில் ஆஸ்ட்ரோ படம் நின்றுவிடும். மழை விட்டதும் தானாக வரும். கூரையில் இருக்கும் அந்தச் சிறிய தட்டு, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மியாசாட் துணைக்கோளத்தைப் பார்த்தபடி நிற்கிறது. ஒருமுறை திசை பார்த்து முடுக்கிவிட்டால் அதை மறுபடியும் திருப்ப வேண்டியதில்லை. அந்த உயரத்தில் துணைக்கோளம் ஒரு சுற்று சுற்றுவதற்கு எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றுதான். அதனால் கீழிருந்து பார்த்தால் அது அசையாமல் நிற்பதுபோல் இருக்கும்.

இந்த உயரத்தில் மூன்று துணைக்கோளங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் லண்டன் வானொலித் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது அவருக்கு வயது 27. முதல் துணைக்கோளமான ஸ்புட்னிக் வானத்துக்குப் போக இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

கிளார்க் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் 1917 டிசம்பர் 16-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார். பல்கலைக்கழகம் போகப் பணம் இல்லாததால் 1936-இல் லண்டனுக்குப் போய், அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன கதை நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. போர் வந்ததும் விமானப் படையில் சேர்ந்து, பனிமூட்டத்தில் விமானங்களைத் தரையிறக்க உதவும் ரேடார் கருவியில் பணியாற்றினார். துணைக்கோளக் கட்டுரையை எழுதியதும் அந்தச் சீருடையில் இருந்தபோதுதான். போர் முடிந்த பிறகு முன்னாள் வீரர்களுக்கான உதவித்தொகையில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1948-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த கூலி 15 பவுன். காப்புரிமைக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. தம் வாழ்நாளில் நடக்காது என்று நினைத்துவிட்டார். கணிப்பில் ஒரு சறுக்கலும் உண்டு. வானொலி வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், அவற்றை மாற்ற ஆட்கள் மேலேயே தங்க வேண்டியிருக்கும் என்று நம்பினார். இரண்டே ஆண்டுகளில் டிரான்சிஸ்டர் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது.

ஆழ்கடலில் மூழ்கி நீந்தும் ஆசைதான் 1956-இல் அவரை இலங்கைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது. அதே ஆண்டு திருகோணமலையில், கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் அவரும் கூட்டாளி மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய கல்தூண்கள் கிடந்தன. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேஸ்வரத்தின் மிச்சங்கள் அவை. மறு ஆண்டே கிளார்க் அதை நூலாக்கினார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அவர். வில்சனோ பின்னாளில் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார்.

அவர் வந்த 1956-இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. 1975-இல் இலங்கை அரசாங்கம் அவருக்கு வரிச் சலுகையோடு நிரந்தர விருந்தினர் தகுதி கொடுத்தது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர்களோ, 1964 ஒப்பந்தப்படி அதே காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். இது கிளார்க்கின் குற்றமல்ல. ஆனாலும் தோட்டத்து வாசகர் இதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது.

1975-ஆம் ஆண்டை வேறொரு காரணத்துக்காகவும் குறிப்பிட வேண்டும். அமெரிக்கத் துணைக்கோளம் ஒன்றைக் கொண்டு இந்தியா 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய ஆண்டு அது. இந்தியப் பொறியாளர்கள் கொழும்புக்கே வந்து கிளார்க் வீட்டில் ஒரு பெரிய தட்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979-இல்தான். 30 ஆண்டுகளுக்கு முன் தாளில் போட்ட கணக்கு, படமாக அவர் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஸ்டான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து அவர் எழுதிய 2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி 1968-இல் படமாக வந்து உலகப் புகழ் தந்தது. நமக்கு நெருக்கமானது 1979-இல் வந்த தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் நாவல். பூமியிலிருந்து துணைக்கோள உயரம் வரை ஒரு மின்தூக்கி கட்டும் கதை. அது எழும்பும் மலைக்கு மாதிரி, மலையகத் தமிழர்கள் கும்பிடும் சிவனொளிபாத மலை. மின்தூக்கி பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும் என்பதால் கதையில் இலங்கையையே தெற்கே நகர்த்திவிட்டார். ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளும் இந்த நாவலுக்குக் கிடைத்தன.

1962-இல் தாக்கிய இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவால் கடைசி ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. ஹிக்கடுவையில் இருந்த அவரது மூழ்குநீச்சல் நிலையத்தை 2004 சுனாமி அழித்தது. 2007 டிசம்பரில் 90-ஆவது பிறந்தநாளில் மூன்று ஆசைகளைச் சொன்னார்: வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும், மனிதன் எண்ணெயை நம்பியிருப்பது முடிய வேண்டும், இலங்கையில் நிலையான அமைதி வர வேண்டும். போர் 2009 மே மாதம் முடிந்தது, அவர் ஆசைப்பட்ட விதத்தில் அல்ல.

அதைப் பார்க்க அவர் இல்லை. 2008 மார்ச் 19-இல் கொழும்பில் காலமானார். எந்தச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தபடியே பொரளை மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.