துப்பாக்கி கொடுத்த தாய்மாமன்

திருவனந்தபுரம் மியூசியம் தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போகாத தமிழ்க் குடும்பம் இந்த நகரத்தில் இருக்க முடியாது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவரானாலும் சரி, அலுவலகத்தில் கோப்புகளுடன் மல்லாடும் குமாஸ்தாவானாலும் சரி, விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது வழக்கம். கூண்டில் இருக்கும் புலியையும் சிங்கத்தையும் பார்த்து முடித்த பிறகு, இயற்கை வரலாற்றுக் காட்சிச் சாலையில் பாடம் செய்து வைத்திருக்கும் பறவைகளையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். இதை யார் சுட்டார்கள், எதற்காகச் சுட்டார்கள் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அப்பா விழிக்க வேண்டியதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய வாழ்க்கை ஒன்று உண்டு. பறவைகளைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் முதலில் நினைவுக்கு வரும் டாக்டர் சலீம் அலியின் வாழ்க்கைதான் அது. 1933-ம் ஆண்டில் அவர் திருவாங்கூர் சமஸ்தானக் காடுகளில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது, இதே மியூசியத்தைச் சேர்ந்த என்.ஜி. பிள்ளை அவர்களைச் சமஸ்தானம் துணைக்கு அனுப்பியது. அந்தப் பயணத்தில் சலீம் அலியின் கையில் துப்பாக்கி இருந்தது. அதை முதன்முதலில் அவர் கையில் கொடுத்தவர் ஒரு தாய்மாமன்.

அநாதைப் பிள்ளை

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தகப்பனார் போய்விட்டார். மூன்று வயதில் தாயாரும் போய்விட்டார். தாயாரின் சகோதரர் அமீருத்தீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஆகவே அமீருத்தீன் அந்தப் பையனுக்கு மாமாவும், தகப்பனும், தாத்தாவுமாக இருந்தார் என்றே சொல்லலாம்.

மாமா பெரிய வேட்டைப் பிரியர். கோடைக்காலத்தில் குடும்பம் செம்பூருக்குப் போய்த் தங்கும். பம்பாயில் பிழைக்கப் போன நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் அதே செம்பூர்தான். அப்போது அது காடும் குன்றுமாகக் கிடந்தது. பையன்களுக்குள் குறிபார்த்துச் சுடும் போட்டி வைப்பது மாமாவின் பொழுதுபோக்கு. வீட்டுச் சமையலுக்குக் காடையும் கௌதாரியும் உயிரோடு வரும். அவற்றில் சிலவற்றைத் தப்பவைத்துக் கூண்டில் வளர்ப்பது சிறுவன் சலீமின் பொழுதுபோக்கு. இந்த இரண்டு ஆசைகளும் ஒரே பையனிடம் எப்படி இருந்தன என்று யோசிக்க வேண்டாம். தாத்தாவோடு உண்டிவில் எடுத்துக்கொண்டு போய்க் குருவி அடித்தவர்களுக்கும், அடிபட்டு விழுந்த குருவிக்குத் தண்ணீர் கொடுத்தவர்களுக்கும் அது புரியும்.

அந்தக் காலமும் அப்படிப்பட்டது. சமஸ்தான அரண்மனைகளில் பையன் முதல் புலியைச் சுட்டால் கொண்டாட்டம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவியை விட்டு இறங்கியதும் 1909-ல் தம் மகன் கெர்மிட்டை அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குச் சிங்கமும் யானையும் சுடப் புறப்பட்டார். வேட்டைப் புத்தகங்களைத் தேடிப் படித்த சலீமுக்கும் பெரிய மிருகங்களைச் சுட்டு வீழ்த்தும் பேர்பெற்ற வேட்டைக்காரராக வேண்டும் என்பதுதான் கனவு.

சுமார் பத்து வயதில் மாமா ஓர் ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். புலி, காட்டெருமைக்குப் பதில் வீட்டைச் சுற்றியிருந்த சிட்டுக்குருவிகள்தான் அதற்கு இரையாயின. குதிரை லாயச் சுவரின் ஓட்டையில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. நிறுத்தி வைத்திருந்த வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பையன் ஆண் குருவியைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் பெட்டைக் குருவி வேறோர் ஆணுடன் வந்து நின்றது. அதையும் சுட்டான். மறுபடி ஒன்று வந்தது. ஏழு நாட்களில் ஒரே இடத்தில் எட்டு ஆண் குருவிகள் விழுந்தன. இதைப் பையன் ஒரு குறிப்பாக எழுதி வைத்தான். எழுதியது ஆராய்ச்சிக்காக அல்ல. தன் வேட்டைப் பெருமைக்காக. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குறிப்பு பறவை ஆர்வலர்களின் பத்திரிகையில் அச்சேறியபோது, துணையை இழந்த சிட்டுக்குருவி எவ்வளவு விரைவில் வேறு துணை தேடிக்கொள்கிறது என்பதற்குச் சான்றாக அதைப் படித்தார்கள்.

எட்டுக் குருவிகள் செத்தது பாவம்தானே என்று கேட்டால், பாவம்தான். அதை அவர் கடைசிவரை மறைக்கவில்லை.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

ஒருநாள் சுட்ட குருவியை எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சள் நிறமாக ஒரு திட்டு இருந்தது. மற்றதெல்லாம் சிட்டுக்குருவி மாதிரியே. இஸ்லாமியக் குடும்பம் ஆனதால், இதைச் சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகம் பையனுக்கு வந்துவிட்டது. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

இந்த இடத்தில்தான் அமீருத்தீனை நாம் பாராட்ட வேண்டும். அவருக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிப் பையனை அனுப்பிவிடுவதுதான் பெரியவர்கள் சாதாரணமாகச் செய்வது. அல்லது, குருவியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கை கழுவச் சொல்வார்கள். அமீருத்தீன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அங்கத்தினர். 1883-ல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தில் ஆரம்ப காலத்தில் சேர்ந்த இந்தியர்கள் மிகச் சிலர். அவர்களில் இவர் ஒருவர். கழகத்தின் கௌரவச் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, குருவியை நீயே கொண்டுபோய்க் கேட்டு வா என்று அனுப்பினார்.

மில்லார்ட் மது வியாபாரக் கம்பெனி நடத்திய வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் ஒரு துரையின் அறைக்குள் செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் போவது என்றால் எவ்வளவு நடுக்கம் இருந்திருக்கும்! ஆனால் துரை சிரிக்கவில்லை. இது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, அலமாரிகளைத் திறந்து, வரிசை வரிசையாக வைத்திருந்த பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துக் கெடாமல் பாடம் செய்யும் வித்தையைப் பையன் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

அதே காலத்தில் சலீமோடு சேர்ந்து குருவி சுட்ட தூரத்து உறவுப் பையன் ஒருவன் உண்டு. குறி தவறாமல் சுடுவதில் கெட்டிக்காரன். இஸ்கந்தர் மிர்ஸா என்று பெயர். பிற்காலத்தில் பாகிஸ்தானின் முதல் ஜனாதிபதி ஆனவர் இவரே; 1958-ல் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து, சில நாட்களிலேயே அயூப்கானால் நாடு கடத்தப்பட்டவரும் இவரே. துப்பாக்கி மட்டும் ஒருவரைப் பறவை நிபுணராக்கிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

வேலை தேடி அலைந்தவர்

சலீம் படிப்பில் சூரர் அல்ல. 1913-ல் தட்டுத் தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் கணக்கு பயமுறுத்தவே, பர்மாவில் தவாய் என்ற இடத்தில் குடும்பம் நடத்திவந்த சுரங்க, மரத் தொழிலைக் கவனிக்கப் போய்விட்டார். தொழிலைவிடக் காட்டில் சுற்றியதுதான் அதிகம். 1918-ல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். யுத்தம் முடிந்த பின் தொழில் நொடித்தது. பம்பாய் திரும்பி வேலை தேடினார். பட்டம் இல்லை என்று அரசாங்க விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை நிபுணர் வேலை கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் மியூசியத்தில் விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்! வேலை பறிபோன கவலை எப்படிப்பட்டது என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாடகை மிச்சப்படுத்த பம்பாய்க்கு அப்பால் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் நாள்கணக்காக உட்கார்ந்து பார்த்ததில், ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிக் காட்டும், பெட்டை வந்து சோதித்துப் பார்த்துப் பிடித்தால்தான் குடிவரும், பிறகு அதே ஆண் இன்னொரு கூட்டை ஆரம்பித்து இன்னொரு பெட்டையை அழைக்கும் என்ற செய்தி வெளியாயிற்று.

அடுத்து ஒரு யோசனை செய்தார். சம்பளம் வேண்டாம், முகாம் செலவும் பிரயாணச் செலவும் கொடுத்தால் போதும், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சமஸ்தானங்களுக்குச் சொன்னார். ஹைதராபாத், கொச்சி, திருவாங்கூர் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டன.

மறையூர் முதல் குமரி வரை

திருவாங்கூரில் முதல் முகாம் 1933 ஜனவரியில் மறையூரில் அமைந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் வழியில், சந்தன மரக் காடுகள் நிறைந்த அதே மறையூர். கணவரோடு தெஹ்மினாவும் கூட வந்து முகாம் வாழ்க்கையைக் கவனித்துக்கொண்டார். மூணாறு, குமுளி, தட்டேக்காடு என்று நகர்ந்து தெற்கே ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி வரை கணக்கெடுப்பு நடந்தது. குமரியும் செங்கோட்டையும் அப்போது திருவாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன.

காலையில் துப்பாக்கியுடன் காட்டுக்குள் போவது. சுட்ட பறவையைக் கெடுவதற்கு முன் தோல் உரித்து, மருந்து தடவி, பஞ்சு வைத்துத் தைப்பது. பிறகு காலில் ஒரு சீட்டைக் கட்டுவது. ஊர், தேதி, ஆணா பெண்ணா எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். வேட்டைக்காரன் சுவரில் மாட்டும் புலித்தலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சீட்டுதான். புலித்தலை சுட்டவன் பெருமையைச் சொல்லும். சீட்டோ, இன்ன ஊரில் இன்ன மாதத்தில் இந்தப் பறவை இருந்தது என்பதைச் சொல்லும்; நூறு வருஷம் கழித்தும் சொல்லும். இந்தக் கணக்கெடுப்பு 1935 முதல் 1937 வரை கழகத்தின் சஞ்சிகையில் தொடராக வந்து, 1953-ல் புத்தகமாயிற்று. 1969-ல் கேரளத்துப் பறவைகள் என்ற பெயரில் மறுபதிப்பு வந்தது.

அவர் இங்கே அலைந்த நாட்களிலேயே சமஸ்தானத்திலும் மாறுதல் தொடங்கிவிட்டது. மகாராஜா சித்திரைத் திருநாள் ஆட்சியில் 1933-ல் எஸ்.சி.எச். ராபின்சன் வனவிலங்குக் காவல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பெரியாறு ஏரியைச் சுற்றியிருந்த காடு 1934-ல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. நாம் இப்போது தேக்கடி என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகும் இடம் அதுதான். இந்தியா முழுமைக்கும் வேட்டையைத் தடுக்கும் சட்டம் வர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சலீம் அலி துப்பாக்கியைப் பற்றி வருந்தி அழுதவர் அல்ல. வேட்டையில் தமக்கு இருந்த ஆசையை 1985-ல் வெளியிட்ட சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். அந்தப் புத்தகத்தின் தலைப்பே ஒரு குருவி விழுந்ததைத்தான் சொல்கிறது. மாதிரிப் பறவை கையில் இல்லாமல் இனம் பிரிக்க முடியாது என்பது அவர் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்தச் சீட்டு எழுதப்பட்ட பறவைகளுக்கு ஒரு நியாயம் உண்டு. லாயத்தில் விழுந்த எட்டுக் குருவிகளுக்கு இல்லை.

1939-ல் ஒரு சிறிய ஆபரேஷனுக்குப் பிறகு தெஹ்மினா காலமானார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941-ல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் பதிப்புக்கு மேல் பதிப்புக் கண்டது. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதி நூல் 1974-ல் முடிந்தது. மோட்டார் சைக்கிள் பைத்தியமும் அவருக்கு உண்டு. 1950-ல் சுவீடனில் நடந்த பறவை நிபுணர் மாநாட்டுக்கு ஐம்பத்து மூன்று வயதில் தம் மோட்டார் சைக்கிளையும் கொண்டுபோய், ஐரோப்பாச் சாலைகளில் ஓட்டினார்! 1976-ல் பத்ம விபூஷண், சர்வதேசப் பரிசாக 50,000 டாலர். அந்தப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கே நிதியாக வைத்துவிட்டார். பரத்பூர் ஏரியையும் சைலன்ட் வாலியையும் காப்பாற்றக் குரல் கொடுத்தார். 1985-ல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ந் தேதி தொண்ணூறாவது வயதில் பம்பாயில் காலமானார்.

அவர் பெயரைத் தாங்கியவை நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி நிலையம் ஒன்று. தேனிப் பக்கத்து மேகமலையில் 1948-ல் பிடிபட்டு, 1972-ல் அவர் பெயர் சூட்டப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று. பறவை வளத்தில் தீபகற்ப இந்தியாவிலேயே சிறந்த இடம் என்று அவர் எழுதிய தட்டேக்காடு 1983-ல் சரணாலயமாகி அவர் பெயரைப் பெற்றது.

முதல் முகாமுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகு, 2009-ல் கேரள வனத்துறையின் ஏற்பாட்டில், அவர் தங்கிய அதே இடங்களுக்குப் பறவை ஆர்வலர்கள் மறுபடி போய்க் கணக்கெடுத்தார்கள். 1933-ல் சீட்டு எழுதி வைத்திருந்ததால்தான் எது இருக்கிறது, எது குறைந்தது என்று ஒப்பிட முடிந்தது. இந்தத் தடவை அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும்தான்.