சிகிரியாவுக்கு ஏணி வைத்தவர்கள்



சிகிரியாக் குன்றுக்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். இரும்புப் படிகளில் ஏறும்போதே பலருக்குக் கால் கூசும். அப்படிகள் இல்லாத காலத்தில் ஏறியவர்களை எண்ணிப் பார்த்ததுண்டா?

அக்குன்றின் புதையுண்ட செல்வங்களை உலகறியச் செய்தவர் எச். சி. பி. பெல். 1851இல் இந்தியாவில் பிறந்த இவர், 1873இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். 1890இல் தொல்பொருள் ஆய்வுப் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அநுராதபுரத்தில் தொடங்கிய பணி, சில ஆண்டுகளில் சிகிரியாவுக்கும் விரிந்தது.

5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த படிக்கட்டுகள் எப்போதோ இடிந்துபோயின. பாறையில் வெட்டிய பள்ளங்களே எஞ்சியிருந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு 1853இல் ஆங்கிலேயர் இருவர் உச்சியை அடைந்தனர். ஆனால் செங்குத்துப் பாறையின் நடுவிலிருந்த ஓவியக் குகை எவருக்கும் எட்டவில்லை.

1889இல் பகிரங்க வேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்பவர் அங்கே ஏற முனைந்தார். குன்றில் பேய் உறைகிறதென அஞ்சி ஊரார் உதவ மறுத்தனர். எனவே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கல் தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் பாறையில் துளையிட்டு, இரும்பு முளைகளைச் சீமெந்தால் இறுக்கி, ஒன்றின் மேலொன்றாகப் படி அமைத்து ஏறினர். இறுதிப் பகுதியில் உடல் இலேசான ஒரு தச்சரே வேலை செய்ய முடிந்தது. பலமுறை முயன்றும் அவருக்குக் கைகூடவில்லை. மூன்று நாள் உபவாசமிருந்து மன்றாட அனுமதி கேட்டார். அதன்பின் மீண்டும் ஏறிக் கடைசி முளையையும் அடித்து முடித்தார். மறே உள்ளே சென்று, 13 ஓவியங்களை மெல்லிய தாளில் பிரதி செய்தார்.

அடுத்து வந்த பெல், உச்சியிலிருந்த காட்டை வெட்டி அரண்மனையின் அத்திவாரங்களை வெளிக்கொணர்ந்தார். மண்மூடிக் கிடந்த சிங்கப் பாதங்களும் அவர் காலத்திலேயே வெளிப்பட்டன. அவருடைய உதவியாளர் டி. ஏ. எல். பெரேரா, தரைக்கு மிக உயரத்தில் உயிரைப் பணயம் வைத்து, 1896, 1897ஆம் ஆண்டுகளில் ஓவியங்களை வர்ணத்தில் பிரதி செய்தார்.

1912இல் ஓய்வுபெற்ற பெல், மாலைதீவின் வரலாற்றை ஆராய்வதில் தம் முதுமையைச் செலவிட்டு, 1937இல் காலமானார். அவர் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அது தகுந்ததே.

ஆனால், வாசகர்களே, கடைசி முளையை அடித்த அந்தத் தமிழ்த் தச்சரின் பெயரை நம்மில் எவர் அறிவார்? அடுத்த முறை சிகிரியாப் படிகளில் ஏறும்போது, பெல்லோடு அவரையும் ஒரு கணம் நன்றியுடன் நினைத்துக்கொள்ளுங்கள்.