கத்தியில் தாயின் பெயர்!

ஆண்டு மலர் என்றால் எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று மேதைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எழுதப்போவதோ ஒரு கத்திக்காரரைப் பற்றி. சிரிக்காதீர்கள் நண்பர்களே! சிவப்புக் கைப்பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, பிரித்தால் கத்தி, திருப்புளி, தமரூசி என்று ஒவ்வொன்றாக வெளியே வருமே... அந்த சுவிஸ் மடக்குக் கத்தியை நிஜத்திலோ படத்திலோ பார்க்காதவர் நம்மில் குறைவு. அதற்குப் பின்னால் இருந்த மனிதர்தான் கார்ல் எல்ஸனர்.

இவர் மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிப்பு? எங்கப்பாவுக்குச் சாணை பிடிக்கிற தொழில். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதித்துக்கொண்டே கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் தீட்டிக் கொடுப்பார். அந்தக் காசில்தான் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். ஆகவே கத்தியில் கொஞ்சம் எனக்கும் பாத்தியதை உண்டு!

எல்ஸனர் 1860ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் தொப்பி செய்பவர். பிள்ளை தொப்பிக்குப் போகாமல் கத்திக்குப் போனார். ஊரிலேயே தொழில் பழகிவிட்டு, பாரிஸிலும் ஜெர்மனியின் டுட்லிங்கனிலும் வேலை பார்த்தார். டுட்லிங்கன் அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். அங்கெல்லாம் கைநிறையச் சம்பாதித்துக்கொண்டு அப்படியே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார்.

1884இல் ஷ்விட்ஸ் பகுதியில் இபாக் என்ற கிராமத்தில் பட்டறை போட்டார். சாணைக்கல் சுற்றுவதற்கு மோட்டார் ஏது? தோபல்பாக் என்று ஒரு ஓடை. அந்தத் தண்ணீர்தான் சக்கரத்தைச் சுற்றியது. (எங்கப்பாவுக்குக் கால், எல்ஸனருக்கு ஓடை. அவ்வளவுதான் வித்தியாசம்!) சமையல் கத்தி, சவரக்கத்தி, டாக்டர்களுக்கான கருவிகள் எல்லாம் செய்தார். பட்டறை தொடங்கக் கூட நின்று கைகொடுத்தவர் அவருடைய தாயார் விக்டோரியா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஷ்விட்ஸ் ஏழைப் பிரதேசம். பனிமலை அழகு வயிற்றுக்குச் சோறு போடாது அல்லவா? இளைஞர்கள் பிழைப்பு தேடிக் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நம்ம பக்கத்தில் திருப்பூருக்கும் துபாய்க்கும் போவது மாதிரி. ஊரிலேயே வேலை உண்டாக்கினால் இவர்கள் ஏன் போகப்போகிறார்கள் என்று எல்ஸனர் நினைத்தார்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. சுவிஸ் ராணுவம் 1889இல் ஷ்மிட்-ரூபின் என்ற புதுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய திருப்புளி வேண்டும். சிப்பாய் சாப்பிடும் டின் உணவைத் திறக்கவும் கருவி வேண்டும். கத்தி, தமரூசி, டின் திறப்பான், திருப்புளி நான்கும் ஒரே கைப்பிடியில் மடங்கும் 1890 மாடல் இப்படித்தான் பிறந்தது. ஆனால் பாருங்கள், சுவிஸ் ராணுவக் கத்தியின் முதல் ஆர்டர் போனது ஜெர்மனியின் சோலிங்கன் நகருக்கு! அத்தனை கத்தியைச் செய்து கொடுக்கும் வசதி சுவிஸ் பட்டறை எதிலும் இல்லை.

எல்ஸனருக்கு இது பொறுக்கவில்லை. 1891இல் கத்தித் தொழிலாளர்களை ஒன்று சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். அந்த வருடமே ராணுவத்துக்குக் கத்தியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் சோதனை. சோலிங்கனில் பெரிய பெரிய தொழிற்சாலைகள். அவர்கள் விலைக்கு இவர்களால் இறங்க முடியவில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று கொண்டார்கள். எல்ஸனர் மட்டும் விடவில்லை. கையிருப்பு எல்லாம் கரைந்து, திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டார். சொந்தக்காரர்கள் உதவியதால் தப்பினார். அந்த நேரத்தில் பட்டறையைப் பூட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிடிவாதத்துக்கும் முட்டாள்தனத்துக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். படிப்பு முடிந்ததும் ஊரிலேயே ஒரு லேத் போடணும் என்று எனக்கு ஆசை. கம்பெனி வேலைக்குப் போ என்கிறார் அப்பா. இன்னும் முடிவாகவில்லை.

எல்ஸனர் என்ன செய்தார்? விலையில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் டிசைனில் இறங்கினார். சிப்பாய்க் கத்தி கனமானது, 144 கிராம். அதிகாரிகளுக்காக நேர்த்தியான ஒன்றை உருவாக்கினார். மடக்குக் கத்தியின் முதுகில் பட்டையாக ஸ்பிரிங் ஓடும். கத்தியைத் திறந்தாலும் மூடினாலும் 'டக்' என்று நிற்க வைப்பது அதுதான். அதே ஸ்பிரிங்கை முதுகுப் பக்கக் கருவியையும் தாங்க வைத்தால் என்ன? இதுதான் அவருடைய கணக்கு. பெரிய கத்தி, சின்னக் கத்தி, தமரூசி, டின் திறப்பான், திருப்புளி, பாட்டில் தக்கையை எடுக்கும் திருகு ஆக ஆறு கருவிகள். ஸ்பிரிங்கோ இரண்டே இரண்டு! மெஷின் டிராயிங்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நமக்குத்தான் இதன் அருமை தெரியும். 1897 ஜூன் 12இல் இதைச் சட்டப்படி பதிவு செய்தார். ராணுவம் இதை அதிகாரபூர்வமாக வாங்கவில்லை. அதிகாரிகளே சொந்தக் காசு போட்டு வாங்கினார்கள். எல்ஸனர் எழுந்துவிட்டார்.

1909இல் தாயார் காலமானார். அவர் நினைவாகத் தன் கத்திகளுக்கு விக்டோரியா என்றே பெயர் வைத்தார். சிலுவையும் கேடயமும் சேர்ந்த சின்னமும் அந்த ஆண்டுதான் வந்தது. எங்க அம்மா பேரை நான் எழுத்தில் பார்த்தது ரேஷன் கார்டில்தான். ஆகையால் இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

1918 டிசம்பர் 26இல் எல்ஸனர் மறைந்தார். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு, 1921இல், அதைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற சொல் தாயார் பெயரோடு ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆயிற்று. உலகமே சொல்லும் அந்தப் பெயரை எல்ஸனர் கேட்டதில்லை.

இன்று அவருடைய பழைய கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் பார்வையே தனி. 1890 மாடலின் கைப்பிடி ஓக் மரம். தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு வகைக் கடுகு எண்ணெயில் பதப்படுத்தியதால் கறுத்திருக்கும். மரம் விரிசல் விட்டதால் 1901இல் செந்நிற ஃபைபருக்கு மாறினார்கள். எனவே மரக் கைப்பிடி இருந்தால் வயது புரிந்துவிடும். கத்தி முனை ஈட்டி மாதிரி இருந்தால் 1890 மாடல். முதுகுப் பக்கம் சரிவாக வெட்டியிருந்தால் 1908 மாடல். அடுத்து, அலகின் அடியில் குத்தியிருக்கும் முத்திரை. விக்டோரியா என்று இருந்தால் அது 1909க்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது.

பழைய கத்தி கார்பன் எஃகு. நல்ல தோய்ச்சல் கொடுத்தால் கூர் நிற்கும், ஆனால் துருவுக்கு இடம் கொடுக்கும். அதனால் எண்ணெய் துணியால் துடைத்து வைப்பார்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்தால் முத்திரை போய்விடும், மதிப்பும் போய்விடும். சாணை பிடித்துப் பிடித்து அலகு ஒல்லியான கத்திக்கும் அவர்களிடம் விலை குறைவுதான். இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தேயாத கத்தி என்றால் யாருக்கும் உதவாத கத்தி என்பது அவர் கட்சி. எனக்கும் அந்த ஒல்லியான கத்திகள் மேல்தான் கண். எந்தச் சிப்பாய் எந்த மலையில் எத்தனை டின் திறந்தானோ!